நாற்பது ரக்கெட்டும் ஒரு மணிக்கட்டும்

எங்கள் கடையின் சின்ன முதலாளி போன வாரம் வீட்டுக்கு வந்து, முகநூலில் போடுவதற்குப் பத்து டிப்ஸ் எழுதித் தரச் சொன்னார். 'பட்மிண்டன் ரக்கெட்டைத் தெரிவு செய்வதும் பிடிப்பதும் எப்படி?' என்பது தலைப்பு. இப்போதெல்லாம் பதுளையில் ஆட்கள் ரக்கெட்டை போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கி, அது வந்து சேர்ந்த பின் பெட்டியோடு எங்கள் கடைக்கு வந்து, "அங்கிள், இது எனக்குச் சரிவருமா?" என்று கேட்கிறார்களாம். தாலி கட்டிய பிறகு சாதகம் பார்க்கிற கதை.

"ஒவ்வொண்டும் ரெண்டு வரி போதும் அங்கிள். மூண்டாவது வரிய ஒருத்தரும் வாசிக்கிறேல்ல" என்றார்.

முப்பத்தொரு வருடம் அந்தக் கடையில் வேலை செய்தவன் நான். எந்தக் கேள்விக்கும் இரண்டு வரியில் பதில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வியாபாரம் இன்னும் நன்றாக நடந்திருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து முதலாவது டிப்ஸை எழுதினேன்: 'ரக்கெட்டை, ஒருவருக்குக் கை கொடுப்பதுபோலப் பிடியுங்கள்.' எழுதியதும் வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினேன் என்று சின்ன முதலாளிக்கு விளக்கப் போய்த்தான் இது மூன்றாவது வரியையும் தாண்டிவிட்டது.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்தவன். உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தோற்பதற்கு வீட்டில் அனுமதி கிடைக்காமல், பதுளை பஜாரில் இருந்த விளையாட்டுச் சாமான் கடைக்கு வேலைக்கு வந்தேன். முதல் மூன்று வருடமும் பந்துகளுக்குக் காற்றடித்தேன். இந்த மாவட்டத்து உதைபந்தாட்டத்தில் பாதி என் தோளில்தான் நடந்தது. நான்காம் வருடம் ரக்கெட் பக்கம் மாற்றப்பட்டேன். அதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, ரக்கெட் விற்றுக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போனது.

அதுவரை நான் ரக்கெட்டைத் தொட்டதில்லை. அதற்குப் பிறகும் விளையாடினேன் என்று சொல்லிக்கொள்வது விளையாட்டை அவமதிப்பதாகும். வாழ்நாளில் ஒரே ஒரு ஆட்டம் வென்றிருக்கிறேன். எதிரில் நின்றவருக்கு அன்று காய்ச்சல். என் அறிவெல்லாம் ரக்கெட் உறைக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளிலிருந்து வந்தது. ஒரு பக்கம் சீன மொழி, மறுபக்கம் சீன மொழியைப் போலவே விளங்காத ஆங்கிலம், நடுவில் ஆறு படங்கள். முதல் படத்தில் ஒரு கை, ரக்கெட்டின் கைப்பிடிக்கு மரியாதையாகக் கை கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறாவது படத்தில் அதே கையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்பது இருபது வருடம் எனக்கு விளங்கவில்லை. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

கடையின் பெரிய முதலாளி நடராசா, யாழ்ப்பாணத்தார். கணித வாத்தியாராகப் பதுளைக்கு மாற்றலாகி வந்து, குளிருக்குப் பழகி, கடை போட்டு, ஊருக்குத் திரும்ப மறந்தவர். அவர் எதற்குமே 'இல்லை' என்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, "பாப்பம்" என்பார். இரண்டு துடைப்பு என்றால் ஆம். அதற்கு மேல் துடைத்துக்கொண்டே போனால் இல்லை. இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கடையில் வேலை செய்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தோம். முன்பணம் கேட்ட நாட்களில் கண்ணாடி தேய்ந்தே போகும்.

கடைக்கு அவர் வகுத்த நடைமுறை ஒன்று உண்டு. ரக்கெட் கேட்டு வருகிறவரிடம் என்ன விலையில் வேண்டும், எந்தக் கொம்பனி என்று எதையும் கேட்கக்கூடாது. "கையைக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லவேண்டும். புதிதாக வருகிறவர்கள் எதிர்காலம் சொல்லப் போகிறோம் என்று நினைத்து உள்ளங்கையைத் துடைத்துவிட்டு நீட்டுவார்கள். நாங்கள் விரல் நீளம் பார்ப்போம். கைப்பிடியை மூடிப் பிடிக்கச் சொல்வோம். விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருக்கவேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கைப்பிடி மெல்லியது, இரண்டு விரல் நுழைந்தால் தடிப்பு. தடித்த கைப்பிடியைக் கை எப்போதும் நெரித்துக்கொண்டே இருக்கும், நெரிக்கிற கையில் மணிக்கட்டு அசையாது. பிறகு ரக்கெட்டின் கழுத்தை ஒரு விரல்மேல் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். தலைப்பக்கம் விழுந்தால் அது அடிப்பதற்கு. பிடிப் பக்கம் விழுந்தால் தடுப்பதற்கு. எங்கும் விழாமல் நின்றால், கற்றுக்கொள்கிறவருக்கு.

கைப்பிடியில் ஒரு எண் இருக்கும், கனத்துக்கு ஒரு எண் இருக்கும். இரண்டிலும் எண் கூடக்கூடத் தடிப்பும் கனமும் குறையும். அரசாங்கச் சம்பளத்துக்கு நேர்மாறு. இதைச் சொன்னால் அரசாங்க உத்தியோகத்தர்கள் நம்பமாட்டார்கள். ஒருவர், பெயர் வேண்டாம், சிறிய எண் தன் பதவிக்குப் பொருந்தாது என்று பெரிய எண்ணாகக் கேட்டு வாங்கினார். தற்செயலாக அது அவர் கைக்குச் சரியாக அமைந்து, கடைசிவரை என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார். என்னுடைய வெற்றிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இனி அந்தக் கை கொடுக்கும் விஷயம்.

டவுன் ஆட்களிடம் "கை கொடுக்கிற மாதிரிப் பிடிங்க" என்றால் உடனே விளங்கிவிடும். ஒருநாள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் மகளுக்கு ரக்கெட் வாங்க வந்தார். நான் ரக்கெட்டை நீட்டினேன். அவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, உடம்பைச் சற்றுக் குனித்து, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார், கோயிலில் மாலை வாங்குவதுபோல.

"அப்படி இல்லண்ணே. கை குடுங்க" என்றேன்.

அவர் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"யாருக்குங்க?"

"ரக்கெட்டுக்கு."

"தொரைமாருதாங்க கை குடுத்துக்குவாங்க. நாங்க கும்புட்டுத்தாங்க பழக்கம்" என்றார், தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவேண்டும். என் அப்பா யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் துண்டுத்தாளில் படம் போட்டிருக்கிறதே! படத்தை நம்பினேன், அப்பாவை மறந்தேன். அதற்குப் பிறகும் தோட்டத்திலிருந்து வந்த எல்லாரிடமும் அதே வாக்கியத்தையே இன்னும் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளங்காததை உரத்துச் சொன்னால் விளங்கும் என்பது படித்தவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை. இரண்டு தடவை தோற்றிருந்தாலும் நானும் படித்தவன்தானே.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள், பசறைக்கு மேலே உள்ள ஒரு பெரிய தோட்டத்துத் துரை, அதாவது முகாமையாளர், ஜீப்பில் வந்து இறங்கினார். பெண்களுக்கு நாற்பது ரக்கெட் வேண்டுமாம்.

"வெளிநாட்டிலயிருந்து தேயிலை வாங்கிற ஆளுங்க வாராங்க. பொம்பளைங்க சந்தோஷமா இருக்காங்களான்னு பாப்பாங்க" என்றார். "சந்தோஷத்துக்கு ஏற்பாடு செய்யணும்."

அந்த நேரம் எங்கள் குடோனில் நாற்பத்திரண்டு ரக்கெட்டுகள் வருடக்கணக்கில் கிடந்தன. கொழும்பில் மூடப்பட்ட ஒரு மொத்தக் கடையிலிருந்து வந்தவை. தலைக் கனம், உலக்கைப் பிடி. அவற்றை வாங்கிய ஒரே வாடிக்கையாளர் கரையான். நான் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். துரை அதைக் காற்றில் இரண்டு தடவை வீசினார். கண்ணாடி அலமாரியிலிருந்த ஈ ஒன்று தப்பியது, அலமாரியும்தான்.

"நல்ல பாரம். சும்மா இத்துப் போகாது, என்ன?"

"பாரம்தானே சேர் பலம்" என்றேன் நான்.

முதலாளி மேசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. துடைத்துக்கொண்டே இருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அவருடைய கண்ணாடி மொழியை நான் தெரிந்துகொண்டே தவறாக வாசித்தது அன்று மட்டும்தான். நாற்பது கைகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் நாற்பது ரக்கெட்டையும் ஜீப்பில் ஏற்றினேன். மிச்சம் இருந்த இரண்டையும் இனாமாகக் கொடுத்தேன். என் தாராள குணம் அப்படி.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ்ஸில் வந்த இரண்டு பெண்கள் கடைக்குள் ஏறினார்கள். மூத்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த உலக்கைகளில் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"இத வித்தது நீங்கதானாண்ணே?"

"கடை வித்தது தங்கச்சி" என்றேன். பாராட்டு வந்தால் 'நான்', புகார் வந்தால் 'கடை'. விற்பனைத் தொழிலின் முதல் இலக்கணம் இது.

"கடைக்கு வாயி இருக்கா?" என்றாள் கூட வந்தவள். புஷ்பம் என்று பெயர். "பாரம்தான் பலம்னு சொன்ன வாயத்தான் தேடி வந்திருக்கோம். தொரை எங்ககிட்ட அப்படியே சொன்னாரு, கடக்கார ஐயா சொன்னாருன்னு."

மூத்தவள், தங்கேஸ்வரி, வலது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நல்லெண்ணெய் மணத்தது. மணிக்கட்டு, கட்டைவிரல் பக்கம், சின்ன உருளைக்கிழங்கு அளவுக்கு வீங்கியிருந்தது.

"கொழுந்து எடுக்க முடியலண்ணே. ரெண்டு கெழமையா நிறை வரல. அரைப் பேருதான் போடுறாங்க."

தோட்டத்தில் ஒரு நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அது நிறைந்தால் முழு நாள் சம்பளம், முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நாளெல்லாம் மலையில் நின்றவள் பாதி ஆளாகிவிடுவாள். நான் விற்ற ரக்கெட் ஒரு பெண்ணைப் பாதியாக்கியிருந்தது.

"அப்ப கொஞ்ச நாளைக்கு வெளையாட்ட விட்டுறலாமே" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

"பாத்தியாக்கா" என்றாள் புஷ்பம். "ஒம் புருசன் சொன்னதையே இவரும் சொல்றாரு. இதக் கேக்கவா பசறையிலயிருந்து நின்னுக்கிட்டே வந்தோம்?"

தங்கேஸ்வரி சிரிக்கவில்லை. "வீட்டுல அடுப்பு இருக்கு. மலையில கொழுந்து இருக்கு. ரெண்டும் இல்லாத எடம் எங்களுக்கு அந்த மாடி ஒண்ணுதாண்ணே" என்றாள்.

பிறகு விவரம் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் மூடிக் கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், துரை வலை கட்டிக் கொடுத்திருக்கிறார். மலையிலிருந்து இறங்கியதும் பெண்கள் அங்கே போய் ஒரு மணி நேரம் விளையாடுகிறார்கள். பாதிப் பேர் விளையாடுவதுகூட இல்லை, சும்மா உட்கார்ந்து சிரிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் துரைக்கு அந்த மாடி உர மூட்டைக்குத் தேவைப்பட்டுவிட்டது. ஆனால் அடுத்த மாதம் கொம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் போட்டி. அதற்கு அந்த வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள். அதனால் துரை ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"கோப்பைய எடுத்தா மாடிச் சாவி எங்க கையில. இல்லாட்டி உரம் வந்துரும்" என்றாள் தங்கேஸ்வரி. "எனக்குக் கையும் வேணும், மாடியும் வேணும். என்னா செய்யலாம்னு சொல்லுங்க."

முதலாளி எழுந்து வந்தார். சுவரில் மாட்டியிருந்த 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற பலகையை ஒரு தடவை பார்த்தார், அதை எழுதியது வேறு யாரோ என்பதுபோல. தங்கேஸ்வரியின் மணிக்கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"நோகுதோ பிள்ளை?"

"ஆமாங்கய்யா."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்காமலே என்னைப் பார்த்தார்.

"பொருளைத் திருப்பி எடுக்கேலாது காணும். ஆனா, வித்த ஆளை அனுப்பலாம். வாற ஞாயிறு நீர் பசறை பஸ்ஸில ஏறும். நாப்பது கையையும் பாத்து, நாப்பது பிடியையும் சரிக்கட்டிப்போட்டு வாரும்."

"நாப்பத்திரெண்டு முதலாளி" என்றேன். என் தாராள குணத்தை நினைத்துக்கொண்டேன்.

முதலில் தங்கேஸ்வரியின் பிடியைப் பார்க்கவேண்டும். ரக்கெட்டை நீட்டினேன். எனக்குத் தெரிந்தபடியே இரண்டு கையாலும் வாங்கினாள். "கை குடுக்கிற மாதிரி" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் பிடித்துக் காட்டினாள். ஐந்து விரலும் கைப்பிடியை நெரித்துக்கொண்டு நின்றன. பாரம் கூடினால் யாரும் அப்படித்தான் நெரிப்பார்கள். அப்படி நெரித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினால் வீங்காமல் என்ன செய்யும்?

"இறுக்காதீங்க தங்கச்சி, லேசாப் பிடிங்க."

"லேசாப் புடிச்சா பறந்து போகுது. போன கெழமை புஷ்பத்தோட மண்டைக்கு வந்துச்சு."

"மண்டைக்கு ஒண்ணும் ஆகல. ரக்கெட்டுதான் வளைஞ்சு போச்சு" என்றாள் புஷ்பம்.

என் துண்டுத்தாளில் ஏழாவது படம் இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: "சரி, கொழுந்து எப்படி எடுப்பீங்க? காட்டுங்க."

தங்கேஸ்வரி வீங்கிய கையைக் காற்றில் நீட்டினாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு தளிரைத் தேடிப் போவதுபோல் நகர்ந்தன. மற்ற மூன்று விரலும் தளர்ந்து சுருண்டிருந்தன. "இறுக்குனா கொழுந்து நசுங்கிப் போகும், கங்காணி ஏசுவாரு. சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும். ஒடிக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு பலம். ஒடிஞ்சதும் விட்டுறணும்."

என் கண்முன் அந்தத் துண்டுத்தாள் வந்து நின்றது. ஆறாவது படம்! கையைச் சுற்றி இருந்த அந்தக் கோடுகள்! ஷட்டில் ரக்கெட்டில் படும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கு, உடனே தளர்த்து. உலகத்துப் பயிற்சியாளர்கள் எல்லாம் மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்கும் ரகசியத்தை இந்தப் பெண்கள் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் தடவை மலையில் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் இருபது வருடமாக அவர்களிடம் துரைக்குக் கை கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அதேதான். ரக்கெட்டையும் அப்படியே பிடிங்க" என்றேன். கண்டுபிடித்தது நான் என்ற தொனியில்தான் சொன்னேன், மறைப்பானேன்.

தங்கேஸ்வரிக்கு மட்டும் மெல்லிய பிடியுள்ள புது ரக்கெட் ஒன்று தருகிறேன் என்று முதலாளி சொன்னார். அவள் வாங்கவில்லை. "மத்தவுங்க எல்லாம் ஒலக்கையோட நிக்க, நான் மட்டும் புல்லாங்குழலோட நிக்கவாங்கய்யா?"

அந்த மாதத்தின் நான்கு ஞாயிறும் எனக்கு அந்த மாடியில் கழிந்தன. அரம், உப்புத்தாள், புதிய நாடாச் சுருள்கள் எல்லாம் முதலாளியின் செலவு. முதுகு வலி மட்டும் என் செலவு. பிடியைச் சுற்றியிருந்த பழைய உறையை உரித்து, உள்ளேயிருக்கும் மரத்தை எட்டுப் பட்டையும் கெடாமல் அராவவேண்டும். பட்டை அழிந்து உருளையாகிவிட்டால், ரக்கெட் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. இரண்டு பட்டை அராவியதும் கையில் கொடுத்து மூடச் சொல்வேன். சுண்டுவிரல் மட்டும் நுழைகிறதா? இல்லை, இரண்டு விரல் நுழைகிறது, இன்னும் கொஞ்சம். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிடியை அராவினால் பிடிப் பக்கக் கனம் குறையும், ஏற்கெனவே கனத்த தலை இன்னும் கனத்ததாகிவிடும். அதனால் கைப்பிடியின் அடியை விட்டு, நான்கு விரற்கடை மேலே ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். அழகாக இருக்காது, மணிக்கட்டு தப்பும். தங்கேஸ்வரியை முதல் இரண்டு வாரம் ரக்கெட்டைத் தொடவே விடவில்லை. அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, "ஏய், கொழுந்த நசுக்காத! நசுக்காத!" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். கங்காணி கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

மூன்றாம் வாரம் வீக்கம் வற்றியது. முழுப் பேரும் திரும்பி வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. அந்த மாடியின் கூரை தாழ்வு. வலைக்கு மேலே கைநீட்டும் உயரத்தில் உத்தரங்கள். ஷட்டிலை உயர்த்தி அடித்தால் உத்தரத்தில் பட்டு விழும், புள்ளி போய்விடும். அதனால் எல்லாருமே வலையை உரசிக்கொண்டு தட்டையாக அடிக்கப் பழகியிருந்தார்கள். மேலே ஏற்றிய பிடிக்கு அது அற்புதமாகப் பொருந்தியது. நான் ரசித்துக்கொண்டே இருந்தேன். ரசிப்பவன் யோசிப்பதில்லை.

முந்திய சுற்றுகளை எங்கள் மாடியிலேயே ஆடி வென்றோம். இறுதிப் போட்டி பசறையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. இரட்டையர் ஆட்டம். எங்கள் பக்கம் தங்கேஸ்வரியும் புஷ்பமும், எதிர்ப்பக்கம் இன்னொரு தோட்டத்துப் பெண்கள் இருவர். முதல் ஷட்டிலையே அவர்கள் வானத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் பெண்கள் இருவரும் அசையவில்லை. அது உத்தரத்தில் பட்டு விழும் என்று மரியாதையாகக் காத்து நின்றார்கள். அது மெதுவாக இறங்கி அவர்கள் காலடியில் விழுந்தது.

"அண்ணே!" என்று அங்கிருந்தே கத்தினாள் புஷ்பம். "இந்த மண்டபத்துக்கு உத்தரம் போடவே இல்ல!"

முதல் ஆட்டத்தை இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று இழந்தோம். இடைவேளையில் என்னிடம் வந்து நின்றார்கள். "மேல அனுப்ப அவங்களுக்கு நேரம் குடுக்காதீங்க. மாடியில நிக்கிறதா நெனச்சுக்கங்க" என்றேன். இரண்டாவது ஆட்டத்தில் ஷட்டில் வலைக்குமேல் ஒரு சாணுக்கு எழும்பவில்லை. எதிர்ப்பக்கத்துப் பெண்கள் தேனீக் கூட்டைக் கலைத்தவர்கள் போல முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். அதை வென்றோம். மூன்றாவது ஆட்டம் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது வரை வந்தது. அடுத்த இரண்டு ஷட்டிலையும் அவர்கள் எப்படியோ மேலே அனுப்பிவிட்டார்கள்.

தோற்றோம்.

பரிசளிப்பு. மேடையில் கொழும்பிலிருந்து வந்த கொம்பனிப் பணிப்பாளர், வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர், புகைப்படக்காரர், எங்கள் துரை. இரண்டாமிடத்துப் பதக்கத்தை அந்தந்தத் தோட்டத்துத் துரையே கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. துரை பதக்கத்தைத் தங்கேஸ்வரியின் கழுத்தில் போட்டார். பிறகு, வெளிநாட்டுக்காரர் பார்க்கிறார்கள் என்பதற்காக, அந்தத் தோட்டத்தில் எந்தக் கொழுந்துக்காரிக்கும் எந்தத் துரையும் செய்யாத ஒன்றைச் செய்தார். கையை நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிவிடுவாளோ என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். தங்கேஸ்வரி வலது கையை மட்டும் நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே அந்த இடைவெளி, துண்டுத்தாளில் உள்ளபடியே. மற்ற விரல்கள் தளர்வாக. முதல் படம்.

துரை புகைப்படத்துக்குச் சிரித்துவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். அப்போதுதான் ஆறாவது படம்.

"தொரைங்களே" என்றாள் பணிவாக. "மாடிச் சாவி?"

"அது... பொறவு பேசுவோம், என்ன?"

கை வரவில்லை. துரையின் சிரிப்பு அப்படியே நின்றது, கண்கள் மட்டும் கொஞ்சம் அகன்றன. பணிப்பாளர் குனிந்து, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றார் துரை.

"சாவி கேக்குறா!" என்று மேடையின் கீழிருந்து புஷ்பம் கூவினாள். "வெளையாடுற மாடிக்குச் சாவி!"

வெளிநாட்டுப் பெண்ணுக்கு யாரோ அதை மொழிபெயர்த்துவிட்டார்கள். அவள் உடனே எழுந்து கை தட்டத் தொடங்கினாள். அவள் தட்டினால் பணிப்பாளர் தட்டவேண்டும். பணிப்பாளர் தட்டினால் மண்டபமே தட்டவேண்டும்.

"சரி, சரி, தாறேன். விடு" என்றார் துரை, உதடு அசையாமல்.

ஒடிந்ததும் விட்டுவிடவேண்டும் என்பது விதி. விட்டுவிட்டாள்.

அந்தப் புகைப்படம் கொம்பனியின் சஞ்சிகையில் முழுப்பக்கத்தில் வந்தது. தொழிலாளியின் சாதனையைக் கண்டு உணர்ச்சிவசப்பட்ட முகாமையாளர் கண் கலங்குகிறார் என்று கீழே எழுதியிருந்தார்கள். கலங்கியது உண்மைதான். சாவியும் வந்தது. உரமும் வந்தது, மாடியின் ஒரு பாதிக்கு. மறு பாதியில் இன்றைக்கும் விளையாடுகிறார்கள். பின்கோட்டுக்கு வெளியே மூட்டைகள் அடுக்கியிருப்பதால் ஷட்டில் தொலைவதில்லை என்று புஷ்பம் சொன்னாள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டுச் சின்ன முதலாளி, "இதில டிப்ஸ் எங்க அங்கிள்?" என்று கேட்பார். இன்னும் ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பரிசளிப்பு முடிந்த அடுத்த வாரம் துரை கடைக்கு வந்தார். தானும் விளையாடத் தொடங்கப் போகிறாராம். மெல்லிய பிடி, பாரம் குறைந்த ரக்கெட்டாக வேண்டுமாம். முதலாளி மேசையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாடியை இரண்டே இரண்டு தடவை துடைத்தார். நான் நடைமுறைப்படி எழுந்து நின்றேன்.

"கையைக் காட்டுங்க சேர்" என்றேன்.

அவர் வலது கையைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.